பெண்களும் பிரசங்க பீடமும்: சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தமிழ் மெதடிஸ்ட் சபையில் ஞாயிறு பள்ளி நடத்தியவள் நான். ஆராதனை முடிந்து தேநீரும் மீ ஹூனும் பரிமாறும் நேரத்தில் யாராவது ஒருவர் மெல்ல அருகில் வந்து, "ஒரு சந்தேகம் அக்கா" என்று தொடங்குவார். இப்போது அந்தச் சந்தேகம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் வருகிறது. பத்தில் நாலு, பெண்கள் சபையில் ஊழியம் செய்யலாமா, பிரசங்கிக்கலாமா என்ற இதே விஷயம்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதி வைத்தேன். என் சொந்தக் கருத்து வரும் இடங்களில் அது என் கருத்து என்றே சொல்லியிருக்கிறேன். வேத வசனங்கள் நாம் வீட்டில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

எங்கள் சபையில் பெண் போதகர் இருக்கிறார். என் அக்கா போகும் சபையில் பெண்கள் வேதம் வாசிப்பதோடு சரி. எல்லாருக்கும் ஒரே பைபிள்தானே?

பைபிள் ஒன்றுதான். ஆனால் "ஊழியம்" என்ற ஒரே சொல்லுக்குள் நாம் நான்கு வேலைகளைப் போட்டுக் கட்டிவிடுகிறோம். கூடுகையில் ஜெபிப்பதும் சாட்சி சொல்வதும் ஒன்று. வேதத்தை விளக்கிப் போதிப்பது இன்னொன்று. திருவிருந்து, ஞானஸ்நானம் நடத்துவது மூன்றாவது. சபையை நிர்வகித்து, தவறு செய்தவரைக் கண்டிக்கும் அதிகாரம் நான்காவது.

ஒவ்வொரு திருச்சபையும் இந்த நான்கில் எங்கோ ஓரிடத்தில் கோடு போடுகிறது. சில சபைகளில் கோடே கிடையாது. யாராவது "பெண்கள் ஊழியம் செய்யலாமா" என்று கேட்டால் "எந்த ஊழியம்?" என்று திருப்பிக் கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

சரி, சிங்கப்பூரில் எந்தச் சபை எங்கே கோடு போடுகிறது?

மெதடிஸ்ட் சபையில் நான்கு வேலையும் பெண்ணுக்குத் திறந்தவை. நம் தாய்ச் சபையான அமெரிக்க மெதடிஸ்ட் சபை 1956இல் பெண்களுக்கு முழுக் குருத்துவ உரிமை தந்தது. இங்கே சீன, தமிழ், ஆங்கில வழி என மூன்று ஆண்டு மாநாடுகள் (சபைகளை நிர்வகிக்கும் பிரிவுகள்) இருக்கின்றன. மூன்றுக்கும் சட்டம் ஒன்றே. ஆனாலும் பேராயர் நாற்காலியில் இதுவரை ஒரு பெண்ணும் அமரவில்லை. சட்டம் திறந்த கதவைப் பழக்கம் பாதி மூடி வைத்திருக்கிறது என்பது என் கருத்து.

ஆங்கிலிக்கன் சிங்கப்பூர் மறைமாவட்டம் பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்வதில்லை, டீக்கனஸ்களாக நியமிக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் குருத்துவம் ஆண்களுக்கு மட்டுமே. பெந்தெகொஸ்தே வட்டாரத்தில் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு சபைகள்கூட ஒத்துப்போவதில்லை: ஒன்றில் பெண் தலைமைப் போதகர், அடுத்ததில் பெண்ணுக்கு மகளிர் கூட்டம் மட்டும். பிரதரன் வழிச் சபைகள் பலவற்றில் அப்பம் பிட்கும் ஆராதனையில் ஆண்கள் மட்டுமே எழுந்து பேசுவது மரபு.

ஊரில் எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் பெண் ஆயர் இருந்தார். இங்கே ஆங்கிலிக்கன் சபைக்குப் போனால் இல்லை என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

உறவுதான், ஒன்றல்ல. சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபை 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து உருவானது. அங்கே 1976இல் எலிசபெத் பால் குருவாக அபிஷேகம் பெற்றார். 2013இல் புஷ்ப லலிதா நந்தியால் பேராயரானார். ஆங்கிலிக்கன் உலகில் ஒவ்வொரு மாகாணமும் தனக்குத்தானே முடிவெடுக்கும். இங்கிலாந்துத் திருச்சபை 1994இல் பெண் குருக்களையும் 2015இல் பெண் பேராயரையும் ஏற்றது. சிங்கப்பூர் சேர்ந்திருக்கும் தென்கிழக்காசிய மாகாணம் ஏற்கவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து இங்கே டோர்செட் சாலை ஆங்கிலிக்கன் ஆலயத்துக்கு வந்து சேருகிறவருக்கு இது தூக்கிவாரிப் போடுவது நியாயம்தான்.

டீக்கனஸ் என்றால் பெண் போதகர் என்றுதானே அர்த்தம்?

இல்லை. பிரசங்கம் செய்வார், வேதபாடம் நடத்துவார், நோயாளிகளைச் சந்திப்பார், திருவிருந்தில் உதவுவார். அப்பத்தையும் ரசத்தையும் அர்ப்பணிக்கும் குருவின் வேலை மட்டும் அவருக்கு இல்லை. முதல் பதிலில் சொன்ன மூன்றாவது வேலை அது.

பவுலே வேண்டாம் என்று எழுதிவிட்டார். அதற்கு மேல் என்ன பேச்சு?

இந்தக் கேள்வியை ஆண்களைவிடப் பெண்களே என்னிடம் அதிகம் கேட்டிருக்கிறார்கள். இரண்டு இடங்கள் இருக்கின்றன. "சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்" என்கிறது 1 கொரிந்தியர் 14:34. "உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும், ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை" என்கிறது 1 தீமோத்தேயு 2:12.

முதல் வசனத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் பாடகர் குழுவில் பாதிப்பேர் இறங்கிப் போக வேண்டும். அதே நிருபத்தில் மூன்று அதிகாரம் முன்னால், 11:5இல், பெண் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பவுல் சொல்கிறார். வாயே திறக்கக் கூடாதவளுக்கு எதற்குத் தலையைப் பற்றிய அறிவுரை? 14ஆம் அதிகாரத்தையே முழுதாக வாசித்தால், "பேசாமலிருக்க" மூன்று பேருக்குச் சொல்லப்பட்டிருப்பது தெரியும். அர்த்தம் சொல்ல ஆள் இல்லாதபோது அந்நிய பாஷை பேசுகிறவர், இன்னொருவருக்கு வெளிப்பாடு வந்ததும் முன்னால் பேசிக்கொண்டிருந்தவர், பிறகு பெண்கள். கிரேக்கத்தில் மூன்றுக்கும் ஒரே வினைச்சொல். முதல் இரண்டையும் "அந்த நேரத்துக்கு அமைதி" என்று படிக்கிறோம், மூன்றாவதை மட்டும் "என்றென்றைக்கும் அமைதி" என்று படிக்கிறோம். அடுத்த வசனம் வீட்டில் புருஷரிடம் "விசாரிக்க"ச் சொல்வதைப் பார்த்தால், கூட்டத்தின் நடுவே கேள்வி கேட்டுக் குறுக்கிட்டதுதான் அங்கே சிக்கல் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அப்படியே தோன்றுகிறது.

தீமோத்தேயு நிருபம் இதைவிடக் கடினம். அங்கே "அதிகாரஞ்செலுத்த" என்று வரும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்குமே இல்லை. சாதாரண அதிகாரமா, அடக்கி ஆளுவதா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். எபேசு சபையில் கள்ளப் போதகம் பரவியிருந்தது, அதனால் அந்த ஊருக்கு மட்டும் சொன்னது என்று ஒரு சாரார் சொல்வார்கள். ஆனால் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைப்பது நேர்மை ஆகாது: "முதலாவது ஆதாம் உருவாக்கப்பட்டான், பின்பு ஏவாள்" என்று பவுல் படைப்பையே காரணம் காட்டுகிறார். ஊர்ப் பிரச்சினைக்கு ஆதியாகமத்தைத் துணைக்கு அழைப்பாரா என்று அவர்கள் கேட்பது வெறும் ஆணாதிக்கம் என்று ஒதுக்கத்தக்கதல்ல. அதே வசனத்துக்கு முந்தைய வரி, பெண் "கற்றுக்கொள்ளக்கடவள்" என்று கட்டளையிடுவதையும் அவர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பேன்.

பெபேயாள், யூனியா என்றெல்லாம் சொல்கிறார்களே, அவர்கள் யார்? எங்கள் ஞாயிறு பள்ளியில் கேள்விப்பட்டதே இல்லை.

ரோமர் 16ஆம் அதிகாரம் வெறும் பெயர்ப்பட்டியல் என்று நாம் தாவிப் போய்விடுவோம். புதையல் அங்கேதான் இருக்கிறது. பெபேயாள் கெங்கிரேயா சபையின் "ஊழியக்காரி". மூலத்தில் அந்தச் சொல் "தியாகோனோஸ்". அதே சொல் பிலிப்பியர் 1:1இல் வரும்போது நம் பழைய மொழிபெயர்ப்பு "உதவிக்காரர்" என்று சபைப் பொறுப்பாளர்களின் பட்டமாக்கிவிட்டது. "ஊழியக்காரி" என்றதும் நம் காதில் விழுவது வேறு.

யூனியாவின் கதை தமிழருக்கே உரிய வேடிக்கை. பவுல் அன்றோனீக்கையும் யூனியாவையும் "அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள்" என்கிறார். பெபேயாள், பிரிஸ்கில்லாள் என்று பெண்களுக்கெல்லாம் தாராளமாக "ள்" சேர்த்த மொழிபெயர்ப்பு, எட்டு வசனம் தள்ளி யூலியாளுக்கும் சேர்த்த மொழிபெயர்ப்பு, யூனியாவுக்கு மட்டும் சேர்க்கவில்லை. "அவர்கள்" என்ற பன்மையும் ஆணா பெண்ணா என்று காட்டாது. ஆகவே தலைமுறை தலைமுறையாக நாம் அவரை ஓர் ஆணாகவே வாசித்துக் கடந்திருக்கிறோம். நான்காம் நூற்றாண்டின் பெரும் பிரசங்கியான யோவான் கிறிசோஸ்தோம், அப்போஸ்தலர் என்ற பெயருக்குத் தகுதியான இந்தப் பெண்ணின் ஞானம் எவ்வளவு பெரியது என்று வியந்திருக்கிறார். "அப்போஸ்தலர்களிடையே நன்கு அறியப்பட்டவர்" என்றுதான் பொருள், அவரே அப்போஸ்தலர் அல்ல என்று சொல்வோரும் உண்டு. பெண் என்பதில் இன்று பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள்.

பிரிஸ்கில்லாளைப் பற்றி ஒரே வரி: வேதத்தில் வல்லவனான அப்பொல்லோவை உட்காரவைத்து, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கியவர்கள் அவளும் அவள் கணவன் ஆக்கில்லாவும்.

இயேசு தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரில் ஒரு பெண்கூட இல்லையே?

இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாட்டுக்கு இது ஒரு முக்கியத் தூண். 1994இல் போப் இரண்டாம் யோவான் பவுல், பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று திட்டவட்டமாக எழுதினார். "அனுமதி இல்லை" என்பதல்ல அவர் சொன்னது, "எங்களிடம் அந்த அதிகாரம் இல்லை" என்பது. கத்தோலிக்க உறவினர்களோடு வாதாடும் புரொட்டஸ்டன்ட் ஆட்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

மறுபுறம் கேட்பவர்கள், பன்னிரண்டு பேரில் யூதரல்லாதவரும் இல்லையே, நாம் எப்படி ஆயரானோம் என்பார்கள். உயிர்த்தெழுந்த செய்தி முதலில் ஒப்படைக்கப்பட்டது மகதலேனா மரியாளிடம். "அப்போஸ்தலர்களுக்கு அப்போஸ்தலர்" என்று அவரை அழைப்பது கத்தோலிக்க மரபே; 2016இல் அவருடைய நினைவுநாள் அப்போஸ்தலர்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தப்பட்டது.

அப்படியானால் கத்தோலிக்கப் பெண்களுக்கு ஒன்றுமே இல்லையா?

ஓபிர் சாலை லூர்து மாதா ஆலயத்துக்குப் போகும் என் தோழி இதைக் கேட்டால் கோபிப்பாள். 2021இல் போப் பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் பணிகளைச் சட்டப்படியே பெண்களுக்குத் திறந்தார். அதே ஆண்டு மறைக்கல்வி ஆசிரியர் பணியையும் முறையான திருப்பணியாக்கினார். திருப்பலியில் மறையுரை (பிரசங்கம்) மட்டும் குருவுக்கோ திருத்தொண்டருக்கோ (டீக்கன்) உரியது. "திருச்சபையின் மறைவல்லுநர்" என்ற உயர்ந்த பட்டம் அவிலா தெரேசா, சியன்னா கத்தரீன் (இருவருக்கும் 1970), குழந்தை இயேசுவின் தெரேசா (1997), பிங்கன் ஹில்டெகார்ட் (2012) என நான்கு பெண்களுக்குக் கிடைத்திருக்கிறது. போதிக்கும் தகுதி வேறு, குருத்துவம் வேறு என்பது அவர்கள் கணக்கு.

இதெல்லாம் மேல்நாட்டுப் பெண்ணியம். தமிழ்ச் சபைக்கு ஒவ்வாது என்கிறார் எங்கள் மூப்பர். என்ன சொல்வது?

மூப்பர் நெல்லைப் பக்கத்தவர் என்றால், அவருடைய சபையின் தொடக்கமே ஒரு பெண் என்று பணிவாக நினைவூட்டுங்கள். தஞ்சாவூரைச் சேர்ந்த பிராமண விதவை ஒருவர். ஓர் ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தார் என்பதால் மிஷனரி சுவார்ட்ஸ் முதலில் ஞானஸ்நானம் தர மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின் 1778இல் கொடுத்தார். கிளாரிந்தா என்ற பெயரும் வந்தது. பாளையங்கோட்டையில் அவர் விசுவாசிகளைச் சேர்த்தார், உபதேசியாரை அனுப்பும்படி கேட்டார், ஆலயம் எழுப்பினார். 1785இல் பிரதிஷ்டையான அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் ஊர் இன்றும் சொல்கிறது. அந்தக் காலத்தில் பெண்ணியம் என்ற சொல்லே பிறக்கவில்லை.

சிங்கப்பூருக்கு வருவோம். 1887 ஆகஸ்ட்டில் ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளோடு சோபியா பிளாக்மோர் பள்ளி தொடங்கினார். இன்று பிளாக்மோர் டிரைவில் நிற்கும் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி அதுதான். அவர் ஆஸ்திரேலியர், ஆகவே மூப்பர் "பார்த்தாயா, வெள்ளைக்காரி" என்பார், சொல்லட்டும். வெள்ளைக்கார ஆண் மிஷனரி நுழைய முடியாத வீட்டு முற்றங்களுக்குள் வேதத்தைக் கொண்டுபோனவர்கள் "பைபிள் உமன்" என்று அழைக்கப்பட்ட நம் பெண்கள். ஊரிலும் மலாயாவிலும் அவர்கள் குடையும் பையுமாக நடந்தார்கள். சபை வரலாற்று மலர்களில் மிஷனரிகளின் படம் முழுப்பக்கம் வரும், இவர்கள் கூட்டப் புகைப்படத்தின் ஓரத்தில் பெயரில்லாமல் நிற்பார்கள்.

இன்னும் அருகில் வேண்டுமானால் சாராள் நவரோஜி. அந்தப் பெந்தெகொஸ்தே ஊழியக்காரியின் கீர்த்தனைகளைப் பாடாத தமிழ்ச் சபை அரிது. பெண் போதிக்கக் கூடாது என்கிற சபைகளும் அவர் எழுதிய உபதேசத்தை ராகத்தோடு பாடிவிட்டு, அமைதியாக உட்காருகின்றன.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நடக்கும் வீட்டுக் கூட்டத்தில் பெண் செய்தி கொடுக்கலாமா? அது சபை இல்லையே?

வீடு சபையில்லை என்று பவுலிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் வாழ்த்தும் சபைகள் பல வீடுகளில்தான் கூடின. இதே சிக்கல் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அம்மா சூசன்னாவுக்கு வந்தது. 1711-12 குளிர்காலத்தில் கணவர் சாமுவேல் லண்டனில் இருந்தபோது, ஞாயிறு மாலை பிள்ளைகளுக்காக அவர் வீட்டில் பிரசங்கம் வாசித்தார். அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி, கூட்டம் இருநூறைத் தொட்டது. கணவர் கடிதத்தில் ஆட்சேபித்தார். நிறுத்த வேண்டுமானால் விருப்பம் என்று எழுதாதீர், கட்டளையாகவே எழுதும்; நாளை நியாயத்தீர்ப்பில் நிற்கும்போது அது எனக்குத் தேவைப்படும் என்ற பொருளில் சூசன்னா பதில் எழுதினார். கட்டளை வரவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பையன் ஜான், பிற்காலத்தில் பெண்கள் பேசுவதற்குத் தயக்கத்தோடு இசைந்தார். சிலருக்கு அசாதாரண அழைப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு பள்ளியில் பையன்களுக்கு எந்த வயது வரை பெண் கற்பிக்கலாம்?

பெண் ஆணுக்குப் போதிக்கக் கூடாது என்று நம்பும் சபைகளில் இது உண்மையான தலைவலி. பையன் எப்போது புருஷன் ஆகிறான்? பன்னிரண்டிலா, திடப்படுத்தலிலா, தேசிய சேவைக்குப் போகும் பதினெட்டிலா? என்னிடம் தாவீதின் கதை கேட்ட பையன் ஒருவன் பாசிர் ரிஸ் பஸ் இன்டர்சேஞ்சில் சீருடையோடு ஓடிவந்து, "டீச்சர், அந்த ஐந்து கூழாங்கல் ஏன் ஐந்து?" என்று கேட்டான். பதில் சொன்னேன். சட்டப்படி நான் அன்று என்ன குற்றம் செய்தேன் என்று எனக்குத் தெரியாது.

பாஸ்டரம்மாவும் ஊழியக்காரிதானே?

சம்பளப் பட்டியலில் பார்த்தால் இல்லை. நடப்பில் பார்த்தால், மகளிர் கூட்டம், மருத்துவமனைச் சந்திப்பு, வீடு தேடி வரும் அழுகை எல்லாம் அவர் தலையில். போதகரை மணந்ததால் ஊழியம் வாய்க்கிறது, அழைப்பு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. திருமணமாகாத ஒரு பெண் தனக்கு அழைப்பு இருப்பதாகச் சொன்னால் மட்டும் குழு கூடி விசாரிக்கிறது. எனக்கு இது புரிந்ததே இல்லை.

முக்காடு போட்டால்தான் பேசலாமா?

மேலே சொன்ன 1 கொரிந்தியர் 11:5ஐ வைத்துப் பல சபைகள் அப்படி வலியுறுத்துகின்றன. போடும் சபையில் போடுங்கள். சேலைத் தலைப்பு இருக்கவே இருக்கிறது.

மாதவிலக்கு நாட்களில் பீடத்தில் நிற்கலாமா, திருவிருந்து எடுக்கலாமா?

இதைக் காதோடு காதாகக் கேட்பார்கள்; உரக்கவே பதில் சொல்கிறேன். லேவியராகமம் 15 தீட்டு என்கிறது. அது ஆலயப் பலிமுறையோடு சேர்ந்த சட்டம். பெரும்பாடுள்ள (இரத்தப்போக்குள்ள) பெண் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டபோது அவர் "மகளே" என்றார். ஏறத்தாழ 601இல் இங்கிலாந்தில் இருந்த மிஷனரி அகஸ்டின் இதே கேள்வியை ரோமுக்கு அனுப்பினார். போப் கிரகோரி, ஆலயத்துக்கு வருவதையும் நற்கருணை பெறுவதையும் தடுக்கக் கூடாது, இயற்கை குற்றமாகாது என்று பதில் தந்ததாகப் பீட் என்ற துறவி தன் வரலாற்றில் பதிந்திருக்கிறார். 1400 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்த வழக்கு. நம் ஊர்ப் பழக்கம் சபைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

பெண் போதகர் கொடுத்த திருவிருந்து செல்லுமா? ஏதாவது சாபம் வருமா?

சாபம் வராது. செல்லுமா என்பது நீங்கள் சேர்ந்திருக்கும் சபையின் இறையியலைப் பொறுத்தது. மெதடிஸ்டுக்குச் செல்லும். கத்தோலிக்கர் கணக்கில் குருப்பட்டம் இல்லாதபோது நற்கருணையும் இல்லை.

1944இல் போர்க்கால சீனாவில் இந்தக் கேள்வி தத்துவமாக இல்லை. மக்காவ் பக்கம் குருக்கள் போய்ச் சேர முடியவில்லை. அங்கே ஆங்கிலிக்கன் விசுவாசிகளைக் கவனித்தவர் டீக்கனஸ் லீ டிம்-ஒய். ஹாங்காங் பேராயர் ஹால் ஜனவரி 25 அன்று அவரையே குருவாக அபிஷேகம் செய்தார். போர் முடிந்ததும் எதிர்ப்பு வெடித்தது. பேராயருக்குச் சங்கடம் வேண்டாம் என்று லீ தன் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஹாங்காங் மீண்டும் பெண்களை அபிஷேகம் செய்தது 1971இல்.

பெண் போதகர் திருமணம் நடத்தினால் சிங்கப்பூர்ச் சட்டப்படி செல்லுமா? ஊரிலிருந்து ஒரு சகோதரியைக் கூட்டங்களுக்கு அழைக்கலாமா?

திருமணத்துக்கு அதை நடத்தும் உரிமம் இருக்க வேண்டும். உரிமம் ஆண் பெண் பார்ப்பதில்லை. வெளிநாட்டுப் பேச்சாளருக்கு, ஆணோ பெண்ணோ, மனிதவள அமைச்சின் குறுகியகால அனுமதி முன்கூட்டியே வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து "இரண்டு வார்த்தை" பேசிவிட்டுப் போவது கூடாது. உங்கள் சபைக் குழுவிடம் அனுமதி வாங்குவது இதைவிடக் கடினமாக இருக்கலாம்.

என் மகள் வேலையை விட்டுவிட்டு இறையியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். அப்பா நான் என்ன செய்ய?

முதலில் அவள் எந்தச் சபையில் ஊழியம் செய்ய நினைக்கிறாள் என்று கேளுங்கள். இரண்டாவது பதிலைக் காட்டுங்கள். 1948இல் தொடங்கிய டிரினிட்டி இறையியல் கல்லூரி அப்பர் புக்கிட் தீமாவில் இருக்கிறது, பெண்கள் படிக்கிறார்கள். மெதடிஸ்ட் ஊழியத்துக்கு உள்ளூர்ச் சபையின் பரிந்துரை வேண்டும். ஆகவே போதகரிடம் சீக்கிரம் பேசுங்கள். சம்பளம் குறையும், வீட்டுக் கடன் இருந்தால் கணக்குப் போடுங்கள். "மாப்பிள்ளை கிடைக்குமா" என்ற கேள்வியை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். மகன் படிக்கப் போனால் நீங்கள் அதைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

எனக்கு மனச்சாட்சி ஒப்பவில்லை. பெண் பிரசங்கிக்க எழுந்தால் நான் வெளியே போய்விடலாமா?

ஒரு மூத்த அண்ணன் என்னிடம் நேராகவே கேட்டது இது. அவர் தீமோத்தேயு நிருபத்தை நேர்மையாக வாசித்து அந்த முடிவுக்கு வந்தவர். அவரை நான் மதிக்கிறேன். அவருக்கு இரண்டு விஷயம் சொன்னேன். உங்கள் சபையின் சட்டம் பெண்ணை அனுமதிக்கிறது என்றால், போதகரிடம் தனியாகப் பேசுங்கள். பிரசங்கம் நடுவில் நாற்காலியைக் கிறீச்சிட இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இரண்டாவது, போவதற்கு முன் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வசனத்துக்கு விரோதமாக என்ன சொன்னார் என்று குறித்துக்கொண்டு வாருங்கள், பேசலாம்.

அடுத்த மாதம் அவர் வந்தார். கடைசி வரிசையில், கதவுக்கு அருகில் உட்கார்ந்தார். குறிப்பேடு கையில் இருந்தது. தேநீர் நேரத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "மூன்றாவது குறிப்பில் சங்கீதத்தின் எண்ணைத் தப்பாகச் சொன்னார்கள்," என்றார்.